ஏபியு2 ரூட்டர் போர்டு: ஃபர்ம்வேர் மாற்றலாமா, விட்டுவிடலாமா?

அரவேணு_கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே அரவேணுவில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் தொழில். பச்சை இலை வாங்கி அரைக்கும் தேயிலை ஃபேக்டரிகள், கொஞ்சம் மளிகைக் கடைகள், ஒரு ஹோம்ஸ்டே. மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டி. வியாழன், வெள்ளி குன்னூர் ஏலம். அந்த நாட்களில் நெட் போனால் என் போன் அடங்காது.

எங்கள் ரூட்டர் கடையில் வாங்கியது இல்லை. பிசி எஞ்சின்ஸ் ஏபியு2 போர்டு. ஜெர்மனியில் இருக்கும் கொழுந்தன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். கறுப்பு அலுமினியப் பெட்டி, விசிறி கிடையாது, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். மார்கழியில் பூனைக்கு அதன் மேல்தான் தூக்கம்.

அதில் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள் ஓடுகிறது. ஜனவரி, ஜூலையில் வரும் பெரிய அப்டேட், நடுவில் வரும் சின்னது எல்லாம் நானே போட்டுக்கொள்கிறேன். என் கேள்வி அதற்கும் அடியில், போர்டின் சிப்பிலேயே இருந்து எல்லாவற்றையும் துவக்கிவிடும் கோர்பூட் என்ற ஃபர்ம்வேர் பற்றி. இங்கே இருப்பது பழைய 4.0 வரிசை. 4.19.0.1 வரை வந்துவிட்டது என்கிறான் கொழுந்தன். "அண்ணி, அஞ்சு நிமிஷ வேலை, போட்டுருங்க" என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் நச்சரிப்பு. வீட்டுக்காரர், நன்றாக ஓடுவதை ஏன் நோண்டுகிறாய் என்கிறார்.

எனக்குப் பயம் கரண்ட்தான். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கே எந்தக் கற்பூர மரக்கிளை கம்பிமேல் விழும் என்று சொல்ல முடியாது. பாதியில் போனால் போர்டு செத்துவிடுமாமே? மானிட்டர் மாட்டவும் அதில் இடமில்லை.

போடுவதா, விடுவதா? காரணத்தோடு சொல்லுங்கள்.

கேத்தி_ஸ்டேஷன்:

விட்டுவிடுங்கள் மேடம். வெளியிலிருந்து வருகிறவனை நிறுத்துவது ஓபிஎன்சென்ஸ். அதை நீங்கள் ஒழுங்காகப் புதுப்பிக்கிறீர்கள். கோர்பூட் பவர் போட்டதும் நினைவகம், நெட்வொர்க் சிப் எல்லாவற்றையும் எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதற்கு நெட் பக்கம் திறந்த கதவே இல்லை.

பழைய_கன்சோல்:

கேத்தித் தம்பி சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் ஊட்டி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், என் வீட்டிலும் இதே போர்டு. அம்மா, முதலில் ஒன்று சொல்லுங்கள்: உங்களுக்கு இப்போது என்ன குறை? மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு தெரியவில்லை, எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆகவில்லை, ரீபூட் கொடுத்தால் தொங்குகிறது, இப்படி ஏதாவது இருந்தால் ரிலீஸ் குறிப்புகளில் அந்தக் குறை சரியாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் போட ஒரு காரணம் கிடைத்தது.

அடுத்தது வேகம். 4.9.0.2இலிருந்து பூஸ்ட் வேலை செய்கிறது. ப்ராசஸரின் மற்ற கோர்கள் சும்மா இருக்கும்போது ஒரு கோர் 1 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.4 வரை ஏறும். பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) லைனில் ஓபிஎன்சென்ஸ் பெரும்பாலும் ஒரே கோரைத்தான் போட்டு வாட்டும், அதனால் 500, 1000 எம்பிபிஎஸ் வாங்கியவர்களுக்கு இது கண்ணுக்குத் தெரிகிற லாபம். உங்களுடையது 100 எம்பிபிஎஸ் லைன் என்றால் இந்த போர்டு அதைத் தூங்கிக்கொண்டே சமாளிக்கும்.

மூன்றாவது, 2018இல் வெளியே வந்த ஸ்பெக்டர் மாதிரி ப்ராசஸர் ஓட்டைகள். அவற்றுக்கு வேண்டிய மைக்ரோகோட், அதாவது ப்ராசஸருக்குள் போடும் திருத்தம், ஃபர்ம்வேரோடும் வரும். ஆனால் அந்தத் தாக்குதலுக்கு எதிராளியின் நிரல் அதே ப்ராசஸரில் ஓட வேண்டும். ரூட்டரில் நீங்கள் ப்ரௌசர் திறப்பதில்லை. அதே பெட்டியில் வேறு விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) எதுவும் ஓட்டினால் மட்டும் கவலைப்படுங்கள்.

ஆக, அவசரம் இல்லை. இதே வரிசையில் 4.19.0.1தான் கடைசி என்பதால் ஒருமுறை போட்டால் மறுபடி இந்தக் கேள்வி வராது, அந்த ஆசையில் நான் போட்டேன்.

போடுவதென்றால் கவனிக்க வேண்டியது அந்தச் சில நிமிடங்கள்தான். ஃப்ளாஷ்ரோம் என்ற நிரல் 8 எம்பி சிப்பை அழித்து, எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். முதலில் இருப்பதைப் படித்து ஒரு கோப்பாக லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது பிழை வந்தால் பதறி ரீபூட் கொடுக்காதீர்கள், இது முக்கியம். ஓடுகிற சிஸ்டம் நினைவகத்தில் இருக்கிறது, உடனே சாகாது. கரண்ட் இருக்கும்வரை திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கலாம், பழைய கோப்பையே திருப்பியும் எழுதலாம். சரிபார்த்தாயிற்று என்று வந்த பிறகு ரீபூட் மட்டும் போதாது, பவர் வயரைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்துச் செருகுங்கள்.

பழைய 4.0இலிருந்து மாறும்போது, போர்டு பெயர் பொருந்தவில்லை என்று ஃப்ளாஷ்ரோம் மறுக்கக்கூடும். நடுவில் அந்தப் பெயரையே மாற்றிவிட்டார்கள். கட்டாயப்படுத்தி எழுத வழி உண்டு. ஆனால் கட்டாயப்படுத்தினால் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று பொருள். அதன்பின் வேறு போர்டுகளான ஏபியு3, ஏபியு4 கோப்பைக் கொடுத்தாலும் தடுக்காது. கோப்பின் பெயரையும், அது மாறாமல் வந்ததா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ256 எண்ணையும் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

மானிட்டர் வேண்டாம். பின்னால் ஒன்பது பின் சீரியல் போர்ட் இருக்கிறது. நல் மோடம் கேபிள் (அனுப்பும், வாங்கும் கம்பிகள் குறுக்காக மாறியது), ஒரு யுஎஸ்பி சீரியல் கன்வர்ட்டர், வேகம் 115200. கடையில் சும்மா சீரியல் கேபிள் என்று கேட்டால் நேர் கேபிளைத் தருவார்கள், அதில் ஓர் எழுத்துகூட வராது.

அரவேணு_கணக்கு:

ரொம்ப நன்றி சார். எங்கள் லைன் 100தான். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை, விர்ச்சுவல் மெஷின் எதுவும் கிடையாது.

கரண்டுக்காக கோத்தகிரி கடையில் ரூட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். அதன் பவர் பின் இந்த போர்டில் நுழையவே இல்லை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே தடிமன். கடைக்காரர் "அழுத்திச் செருகுங்க" என்கிறார்!

கொடை_பாம்பார்:

அழுத்தாதீர்கள் அக்கா! சாதாரண ரூட்டர் பின்னில் உள்துளை 2.1 மில்லிமீட்டர். ஏபியு2 ஜாக்கில் நடுக்குச்சி 2.5. அதற்கென்று சின்ன கன்வர்ட்டர் முனை கிடைக்கும், நடு பாசிட்டிவ் என்று பார்த்து வாங்குங்கள். போர்டு சாதாரணமாக இழுப்பது 6 முதல் 12 வாட்தான், 2 ஆம்பியர் மினி யுபிஎஸ் தாராளம்.

நான் பழைய கன்சோல் ஐயாவோடு ஒரு விஷயத்தில் சண்டை போடுவேன். "ஒருமுறை போட்டால் முடிந்தது" என்கிறார். போர்டு செய்த சுவிஸ் கம்பெனி 2023இலேயே கடையைக் கட்டப்போவதாக அறிவித்துவிட்டது. ஃபர்ம்வேர் எழுதிய போலந்துக்காரர்கள் தஷாரோ என்ற பெயரில் தனியாகத் தொடர்கிறார்கள், அதனால் அந்தப் பக்கம் இன்னும் மூடவில்லை. ஆனால் போர்டு? கெட்டால் கொடைக்கானலில் இல்லை, மதுரையில் இல்லை, கோயம்புத்தூரிலும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதனால் என் கணக்கு வேறு: கையில் எஸ்பிஐ1ஏ கார்டு இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். விரல் நுனி அளவு பலகை அது, அதன்மேல் ஒரு நல்ல ஃபர்ம்வேர் சிப். போர்டின் ஜே6 பின்களில் செருகினால் உள் சிப் கெட்டிருந்தாலும் கார்டிலிருந்து பூட் ஆகும். பூட் ஆனபின் கார்டைக் கழற்றிவிட்டு உள் சிப்பை எழுதிக்கொள்ளலாம். கொழுந்தன் அங்கேதானே இருக்கிறார், கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். இத்தனை ஞாயிறு நச்சரித்தாரே, கொஞ்சம் செலவும் செய்யட்டும்.

பழைய_கன்சோல்:

பாம்பார் சொல்வது நியாயம். என்னிடம் கார்டு இருந்தது, அந்தத் தைரியத்தில்தான் போட்டேன் என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

அரவேணு_கணக்கு:

சரி, இப்படி வைத்துக்கொண்டேன். இந்த மழைக்காலத்தில் தொடப்போவதில்லை. கொழுந்தனிடம் கார்டு கேட்டாயிற்று, பழையது ஒன்று அங்கே விற்பனைக்கு இருக்கிறதாம். அது வந்தால், ஜனவரி 20 தாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் பார்த்து. வராவிட்டால் 4.0லேயே ஓடட்டும். வீட்டுக்காரருக்குப் பரம திருப்தி.

ஒரே ஒரு சந்தேகம். போர்டின் ஓரத்தில் ஏபியு2டி4 என்று அச்சடித்திருக்கிறது. கோப்பு வெறும் ஏபியு2 என்று இருக்கிறது. டி4க்குத் தனியாக ஏதும் உண்டா?

பழைய_கன்சோல்:

தனியாக இல்லை. டி என்பது போர்டின் பதிப்பு, 4 என்பது 4 ஜிபி நினைவகம். ஏபியு2 கோப்பே இதற்கும். கேபிள் மட்டும் இப்போதே வாங்கி, ஃப்ளாஷ் பக்கம் போகாமல் சும்மா ஒரு பூட் ஆகும்போது திரையில் எழுத்து வருகிறதா என்று பார்த்து வையுங்கள்.