சம்கேதாங்: கோழி குழைந்துவிட்டது, உள்ளே அரிசி வேகவில்லை

சுவோன்வாசி (மாலை 6.40)
நாளை சோபோக், கொரியாவில் கோடையின் மூன்று வெப்ப நாட்களில் முதலாவது. வீட்டுக்காரப் பாட்டிக்கு சம்கேதாங், அதாவது அரிசி அடைத்த கோழி சூப், செய்து தருவதாகச் சொல்லிவிட்டேன். குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். இன்று ஒருமுறை செய்து பார்த்தேன். ஒரு மணி நேரம் கொதித்தது. கால் எலும்பு தானாகக் கழன்று வருகிறது, ஆனால் வயிற்றுக்குள் அரிசி நறுக்கென்று நிற்கிறது. என்ன தப்பு? சீக்கிரம் சொல்லுங்கள்.

தேஜன் அக்கா (6.52)
கோழி எத்தனை ஹோ (கோழியின் எடை எண்)? அரிசி எவ்வளவு நேரம் ஊறியது? சட்டியா, குக்கரா? இதெல்லாம் சொல்லாமல் எப்படித் தம்பி பதில் சொல்வது?

மிளகுத்தூள் (6.58)
உப்பு போட்டுக் கொதிக்க வைத்திருப்பீர்கள். அதனால்தான் அரிசி இறுகிவிட்டது. கடைகளில் உப்பில்லாமல் வேகவைத்து, உப்பையும் மிளகையும் மேசையில்தான் வைக்கிறார்கள்.

பூசான்காற்று (7.03)
பிரியாணி அரிசி உப்புத் தண்ணீரில்தானே வேகிறது? காரணம் அதுவல்ல.

மூத்தவன் (7.10)
ஒவ்வொரு ஜூலையிலும் இதே கேள்வி. பழைய இழைகளை யாரும் படிப்பதில்லை. சம் என்றால் ஜின்செங், கே என்றால் கோழி, தாங் என்றால் சூப். ஆளுக்கு ஒரு இளங்கோழி, 500 கிராம், அதாவது 5 ஹோ. உள்ளே ஊறிய சப்சல் என்ற ஒட்டும் அரிசி, பூண்டு, காய்ந்த இலந்தை, சுசம் என்ற பச்சை ஜின்செங் வேர் ஒன்று. அடிப்படை தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

தேஜன் அக்கா (7.14)
அவன் கேட்டது அது இல்லையே அண்ணா. தம்பி, வயிற்றை எவ்வளவு நிரப்பினாய்? பாதிக்குச் சற்று மேல் போதும். அரிசி உப்பும்போது இடமில்லாவிட்டால் நடுவே தண்ணீர் இறங்காது.

மிளகுத்தூள் (7.20)
இன்னொன்று, இலந்தையைப் பாட்டி சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோழியில் இருக்கும் கெட்டதையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும்.

பூசான்காற்று (7.24)
கொரியர்களே பலர் சொல்லும் கதை, ஆனால் கதைதான். அதே சாற்றில் ஊறிய அரிசியையும் பூண்டையும் மட்டும் எப்படிச் சாப்பிடுகிறோம்?

மிளகுத்தூள் (7.29)
எங்கள் ஆலை கேன்டீனில் வயதானவர்கள் எல்லோரும் ஓரமாக ஒதுக்குகிறார்கள். அவர்களுக்குத் தெரியாதா?

பூசான்காற்று (7.31)
வெந்த இலந்தை சொதசொதவென்று இருக்கும், கொட்டையும் இருக்கும். பிடிக்காமல் ஒதுக்கலாம். அதைவிட, பாட்டி ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை எடுக்கிறாரா என்று கேளுங்கள். எடுத்தால் ஜின்செங் வேண்டாம்.

சுவோன்வாசி (7.45)
மன்னிக்கவும், பால் வாங்கப் போயிருந்தேன். 5 ஹோதான், சட்டிதான். உப்பு போடவில்லை. சப்சல் ஒரு மணி நேரம் ஊறியது. வயிறு முழுக்க அடைத்தேன். அரிசி பழுப்பாக இருந்தது, சத்து அதிகம் என்று எடுத்தேன்.

தேஜன் அக்கா (7.49)
பழுப்பா! பையில் ஹியோன்மி என்று இருக்கிறதா பார். தவிடு நீக்காத அரிசி அது, ராத்திரி முழுக்க ஊற வேண்டும். நாளைக்கு வெள்ளை சப்சல் வாங்கு. பால் மாதிரி வெண்மையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். இரண்டு மணி நேரம் ஊறவை. ஒரு பக்கத் தொடைத் தோலில் சின்னதாகக் கீறி மறு காலை அதற்குள் நுழைத்துப் பூட்டு, அரிசி வெளியே வராது. வால் பக்கக் கொழுப்பை வெட்டிவிடு. இன்றைய அரிசியை வீணாக்காதே, கோழிச் சாற்றிலேயே போட்டு மூடி, சிறு தீயில் கஞ்சியாக்கு.

மூத்தவன் (7.55)
ஹியோன்மி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

மிளகுத்தூள் (8.02)
இலந்தை விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றமில்லை.

சுவோன்வாசி (மறுநாள் பிற்பகல் 2.15)
வெந்துவிட்டது. பாட்டி மாத்திரை எதுவும் எடுப்பதில்லையாம். அரிசியைக் கரண்டியால் தோண்டித் தோண்டிச் சாப்பிட்டார், கக்துகி என்ற முள்ளங்கி கிம்ச்சியை அவரே கொண்டுவந்தார். அடுத்த வெப்ப நாளான சுங்போக்குக்கு அவர் செய்கிறாராம். நன்றி அக்கா, வேலைக்கு நேரமாகிவிட்டது.