‘சஸ்பெண்ட்’டுக்கு ஒரு சொல் வேணும், திங்கக்கிழமைக்குள்ள

காரைக்குடி டீச்சர்:
பிளஸ் ஒன் உடற்கல்விக்கு ரெண்டு பக்கக் குறிப்பு தயார் பண்றேன், கொரோனாவுல லீக்குங்க ஆட்டத்தை எப்படி நிறுத்துனாங்கன்னு. 2020 மார்ச் 11 ராத்திரி, ஓக்லஹோமா சிட்டியில கூடைப்பந்து ஆட்டம் தொடங்கப்போற நேரம், யூட்டா ஜாஸ் அணியோட ரூடி கோபேருக்கு பாசிட்டிவ்னு வந்துச்சு, அன்னிக்கே என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) மொத்த சீசனையும் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. நான் ‘இடைநிறுத்தம்’னு போட்டேன், ஹெச்எம் படிச்சுட்டு “எந்த வாத்தியாரை?”ங்கிறார்.

தேவகோட்டை அண்ணன்:
ஒத்திவைப்புன்னு போடு தங்கச்சி, பேப்பர்ல அதான் வருது.

டீச்சர்:
இல்லண்ணே, 2021 ஐபிஎல்லைப் பாருங்க. கொல்கத்தா அணியில ரெண்டு பேருக்கு வந்ததும் மே 3 ஆட்டத்தை மட்டும் ஒத்திவச்சாங்க. மறுநாள் தொடரையே நிறுத்திட்டாங்க, 29 ஆட்டம் முடிஞ்சிருந்துச்சு. ரெண்டுக்கும் ஒரே சொல்லா?

பள்ளத்தூர் ஐயா:
ஒத்தின்னா நமக்கு வீடுதானே ஞாபகம் வரும். ஒத்திக்கு வச்சா பணத்தைக் கட்டி மீட்டுக்கலாம், ஆட்டமும் அப்படித்தான், வேர் ஒண்ணு.

அண்ணன்:
ஐயா, அது ஒற்றி, றகரம். இது ஒத்து, விலக்குறது. விட்டா திருவொற்றியூரும் அடமானம்பீங்க.

ஐயா:
ஏன், இருக்கக்கூடாதா?

(இதுக்கப்புறம் ஒம்போது மடல் திருவொற்றியூர்லயே நின்னுச்சு. சங்கிலியார் வரைக்கும் போனாங்க.)

கண்டனூர் தம்பி:
அக்கா, காப்பு கட்டுறதுக்கு முன்னாடி ஊருல சாவு விழுந்தா திருவிழாவை என்ன சொல்வோம்? ‘நிப்பாட்டி வச்சிருக்கு’ம்போம். அதான் சொல்லு, நிறுத்திவைப்பு. பின்னால வேணும்னு செய்யறதுக்குத்தானே ‘வை’ சேர்க்கிறோம், எடுத்துவை, சொல்லிவைன்னு. அப்புறம் ஜூலை 30ல என்பிஏ மறுபடி ஆடுனப்ப ஆர்லண்டோ டிஸ்னி வளாகத்தை விட்டு யாரும் இஷ்டத்துக்குப் போக முடியாது, காப்பு கட்டுன ஊர் மாதிரியே. அப்படி அடைச்சு வச்சதைத்தான் ‘பபுள்’னாங்க, அதனால அதுக்கு ‘காப்பு வளையம்’.

ஐயா:
வளையம் நல்லாருக்கு. ஆனா நிறுத்தம்னா பஸ்ஸு. அதோட டச்சு ஃபுட்பால் லீக் 2020 மார்ச்சுல நிறுத்தி, ஏப்ரல்ல சாம்பியனே இல்லைன்னு முடிச்சுட்டாங்களே, அங்க உங்க ‘வை’ பொய்யாப் போச்சே?

டீச்சர்:
நிறுத்துற ராத்திரி அது அவங்களுக்கே தெரியாதேய்யா. திரும்ப ஆடணும்னு நினைச்சுத்தான் நிறுத்துறாங்க, தேதிதான் கையில இல்ல. முடிச்சதுக்கு ‘ரத்து’ன்னு தனியா போட்டுக்கிறேன்.

அண்ணன்:
ரத்து தமிழா?

தம்பி:
அண்ணே, ‘பேப்பர்’னு நீங்கதான் எழுதுனீங்க.

அண்ணன்:
சரி, சரி, நிறுத்திவைப்புக்கு என் ஓட்டு. ‘இடைநிற்றல்’னு மட்டும் யாரும் கிளம்பிடாதீங்க, அது பள்ளிக்கூடத்தை விட்டு நின்ன பிள்ளைங்களுக்கு.

டீச்சர்:
ஜெராக்ஸ் கடையில ஷட்டரைப் பாதி இறக்கிட்டாங்க. நிறுத்திவைப்புன்னே அடிக்கிறேன், முதல் தடவை வர்ற இடத்துல பக்கத்துல சஸ்பென்ஷன்னும் இருக்கட்டும்.

ஐயா:
அடிங்கம்மா. பஸ்ஸுன்னு சொன்னதை நான் வாபஸ் வாங்கலை. ஒற்றிக்குக் கல்வெட்டு தேடிக்கிட்டிருக்கேன், நாளைக்கு எழுதுறேன்.