தொடக்க நிலை மாணவர்களுக்குப் பியானோவில் கார்ட் மாற்றம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பியானோ கற்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆன பிள்ளைகளுக்குக் கார்ட் (பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் கூட்டு) வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில் ஒரு சிக்கலைச் சந்தித்துவருகிறேன். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வழிகாட்டலை வேண்டுகிறேன்.

சி மேஜரை, அதாவது சி, இ, ஜி ஆகிய மூன்று சுரங்களை, இடது கையின் 5, 3, 1 ஆகிய விரல்களால் (சுண்டுவிரல், நடுவிரல், கட்டைவிரல்) ஒருசேர அழுத்துவது வரை எவருக்கும் தடையில்லை. அங்கிருந்து எஃப், ஏ, சி ஆகிய சுரங்களைக் கொண்ட எஃப் மேஜருக்குப் போகும்போதுதான் கை முழுவதும் மேலெழும்பி, கண்கள் கட்டைகளைத் தேட, தாளம் நின்றுவிடுகிறது. ஆகவே, சுண்டுவிரலைச் சி கட்டையிலேயே வைத்துக்கொண்டு, எஃப் சுரத்தை ஆள்காட்டி விரலாலும் ஏ சுரத்தைக் கட்டைவிரலாலும் வாசிக்கும் இன்வெர்ஷன் வடிவத்தை (அதே சுரங்களை வரிசை மாற்றி, வேறொரு சுரத்தை அடியில் வைப்பது) காட்டினேன். தாளம் தப்பவில்லை, ஆனால் அடியில் சி ஒலிப்பதால் அதுவும் சி கார்ட்தான் என்று ஒரு சிறுமி சாதிக்கிறாள். (அவள் காதைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.)

கார்டின் பெயருக்குரிய சுரமே அடியில் வரும் மூல வடிவத்தை நன்கு பழக்கிய பிறகே இன்வெர்ஷனைக் காட்டுவீர்களா, அல்லது முதலிலிருந்தே இரண்டையும் சேர்த்துக் கற்பிப்பீர்களா? மூன்று சுரங்களையும் ஒரே நேரத்தில் அழுத்த முயன்று மணிக்கட்டை இறுக்கிக்கொள்பவர்களுக்கு, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கவைப்பது பயன்தருமா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.