ஆபரேஷனுக்குப் பிறகு பாட்டு: வார்டில் எது எடுபடும், எது கெடுக்கும் (தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து மூவர் சொல்வது)

வார்டு நர்ஸ், சாட்ஸ்வர்த்:
வலி மருந்தை நிறுத்திவிட்டுப் பாட்டுப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. மருந்தோடு சேர்த்துத்தான். 2015இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட 73 ஆய்வுகளின் தொகுப்பில் வலி, பதற்றம், வலி மருந்தின் தேவை மூன்றும் குறைந்தன; ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறையவில்லை.

டிரெஸ்ஸிங் மாற்றும்போது நன்றாக எடுபடும். காயத்தைத் திறந்த பிறகு ஆரம்பித்தால் பாட்டும் சேர்ந்து எரிச்சலாகும். பத்து நிமிடம் முன்னாலேயே ஓடட்டும். மொத்தம் 20–30 நிமிடம் போதும். பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசினால் நோயாளிக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் சத்தம். பஞ்சு உறை போட்ட ஹெட்போனை ஆல்கஹால் வைத்துச் சரியாகத் துடைக்க முடியாது, வழவழப்பான உறை வாங்குங்கள். யூட்யூபில் நேராகப் போடாதீர்கள். கண் சொருகும் நேரத்தில் விளம்பரம் அலறும். உடம்பு தூக்கிப்போட்டால் தையல் சுண்டும். வீட்டிலேயே இறக்கி, போனை முழுசாகச் சார்ஜ் செய்து கொண்டுவாருங்கள். கரண்ட் போகிற ஊர் இது.

பஜனைக் குழுக்காரர், டோங்காட்:
ஆயாவுக்குச் சாமிப் பாட்டுப் பிடிக்குமே என்று பேரப்பிள்ளைகள் காவடி உறுமியைப் போட்டுவிடுகிறார்கள். வயிற்றைத் திறந்த இரண்டாம் நாள் அது வேண்டவே வேண்டாம். உறுமி வேகம் ஏற ஏற அடிப்பதே அருள் வரவழைக்கத்தான்! நிமிடத்துக்கு 60–80 தட்டு, வேகம் மாறாதது, மேளம் அடங்கியது பாருங்கள்: நிதானமாகப் பாடிய தேவாரம், வெறும் வீணை. பழைய சினிமாப் பாட்டுத்தான் வேண்டும் என்று கேட்டால் அதையே போடுங்கள், அவர் விருப்பம்தான் முதல். சாவு வீட்டில் பாடுகிற பாட்டு எதுவும் நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். விம்மி அழுதாலும் வயிற்றுத் தையல் இழுக்கும்.

பிசியோ, ஃபீனிக்ஸ்:
நடைக்குக் கணக்கு வேறு. முழங்கால், இடுப்பு ஆபரேஷன் ஆனவரை வாக்கரில் நடக்கவிட்டு ஒரு நிமிடத்து அடிகளை எண்ணுங்கள். 50 வந்தால் 50 தட்டுள்ள தாளம். நடை சீரானதும் 5–10% ஏற்றலாம். எடுத்த எடுப்பில் வேகமாகப் போட்டால் நல்ல கால் முந்தும், மற்றது நொண்டும். இங்கே ஹெட்போன் ஆகாது. பின்னால் நிற்பவர் குரல் காதில் விழ வேண்டும்.

வயிற்று ஆபரேஷன்காரர்கள் காயத்தின்மேல் தலையணையை அணைத்துக்கொண்டு கூடவே மெல்லப் பாடலாம், மூச்சு ஆழமாக இறங்கும். இருமல் வந்தால் தலையணையை இறுக்கிப் பிடித்தபடி இருமட்டும், அடக்க வேண்டாம்.

வார்டு நர்ஸ், சாட்ஸ்வர்த்:
ஐசியூவில் தொண்டையில் குழாய் இருந்தால் ‘நிறுத்து’ என்று சொல்ல வாய் வராது. விரலை இரண்டு முறை தட்டினால் நிறுத்துவோம் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். காது மெஷின் உள்ளவர்களுக்கு அதை மாட்டிவிட்டு, ஹெட்போனுக்குப் பதில் சின்ன ஸ்பீக்கர்.