பழைய ரைல்ஸுக்கு மேல் பெயின்ற் பூசலாமா?

தருமபுரம் வீட்டுக்காரி எழுதியது:

வணக்கம். இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபா மானியத்துடன் எங்கள் கைக்காசையும் சேர்த்து 2013 இல் கட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். இரண்டு ஆண்டுகளின் பின்னர், சீட்டுக்காசு எடுத்து, சமையலறை மேடைக்கு மேலுள்ள சுவருக்கும் குளியலறைக்கும் மண்ணிறப் பூப்போட்ட ரைல்ஸ் பதித்தோம். இப்போது சமையலறையில் மூன்று ரைல்ஸ் வெடித்துவிட்டன. குளியலறைச் சுவரில் கிணற்று நீரின் வெள்ளைப் படிவு எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. ஆவணியில் மூத்த மகளின் திருமணம் நடக்க இருப்பதால், அதற்கு முன்னர் இரண்டு அறைகளையும் பார்க்கத்தக்கதாக ஆக்கிவிட வேண்டும் என்பது என் விருப்பம். எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகப் பதித்தால், சுவரின் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும் என்றும், அதை மீளப் பூசும் செலவு தனி என்றும் மேசன் சொல்கிறார். ரைல்ஸுக்கு மேலேயே பெயின்ற் பூசிவிடலாம் என்கிறார் என் தம்பி. அது நிலைக்குமா? குளியலறைத் தரைக்கும் பூசலாமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

வவுனியா பெயின்ரர் எழுதியது:

அக்கா, சமையலறைச் சுவருக்குத் தாராளமாகப் பூசலாம். ஆனால் பெயின்ற் ரின்னைத் திறப்பதற்கு முன்னர் செய்யும் வேலையில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. சீமெந்துப் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் பெயின்ற் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. ரைல்ஸின் மேற்பரப்போ கண்ணாடியைப் போன்றது; அதில் பெயின்றுக்குப் பிடிமானம் இல்லை. அந்தப் பிடிமானத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கைப் பாத்திரம் கழுவும் திரவமும் சுடுநீரும் கொண்டு இரண்டு தடவைகள் கழுவுங்கள். தாளித்த எண்ணெய் ஆண்டுக்கணக்காகப் படிந்த சுவரில் ஒரு தடவை போதாது. அடுத்து, 220 அல்லது 240 இலக்கச் சாண்ட்பேப்பரை நீரில் நனைத்து, மினுக்கம் முழுவதும் மங்கும்வரை தேயுங்கள். உலர்நிலையில் தேய்த்தால் கிளம்பும் தூசு நெஞ்சுக்குக் கூடாது. இடைவெளிகளை அடைத்த பழைய சிலிக்கன் பசை இருந்தால் பிளேட்டால் முழுமையாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதன்மேல் எந்தப் பெயின்றும் ஒட்டாது. சுவர் ஒரு நாள் நன்றாக உலர்ந்த பின்னர், வழுக்கும் பரப்பில் ஒட்டுவதற்கென்றே விற்கப்படும் பிறைமரை ஒரு தடவை பூசி, அதன்மேல் இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் எபொக்சிப் பெயின்றைச் சிறிய றோலரால் மெல்லியதாக இரண்டு தடவைகள் பூசுங்கள். கலந்த பெயின்றை ரின்னில் குறித்த நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். எங்கள் வெயிலில் அந்த நேரம் இன்னும் குறுகிவிடும் என்பதால் சிறிது சிறிதாகக் கலப்பதே நல்லது. அதன் மணம் கடுமையானது. யன்னல்களைத் திறந்து வைக்காமல் வேலை செய்ய வேண்டாம்.

ஒரு சிக்கல் உண்டு. இப்போது சோளகக் காற்று அடிக்கும் காலம். யன்னலைத் திறந்தால் செம்மண் தூசு ஈரப் பெயின்றில் ஒட்டும், மூடினால் மணம் தாங்காது. காற்று எழும்புவதற்கு முன்னர், விடியற்காலையில் முற்றத்துக்கு நீர் தெளித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணித்தியாலங்களில் வந்துவிடும்; ஆயினும் உள்ளே முழுமையாக இறுகுவதற்கு ஏறத்தாழ ஏழு நாட்கள் தேவை. அந்த நாட்களில் சுவரில் நீர் படக்கூடாது. ஆகையால் ஆனி முடிவதற்குள் செய்துவிடுங்கள், கலியாண நெருக்கடிக்குள் கொண்டுபோக வேண்டாம்.

நெடுங்கேணி மேசன் எழுதியது:

பெயின்ரர் தம்பி சொன்னவை சரியானவை. நான் பெயின்றுக்குப் பின்னால் உள்ளதைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு நாணயத்தால் ஒவ்வொரு ரைல்ஸையும் தட்டிப் பாருங்கள். வெற்றுப் பானையைத் தட்டியது போன்ற ஒலி வந்தால், அது சாந்தைவிட்டுக் கழன்றுவிட்டது என்று பொருள். அதன்மேல் எவ்வளவு நல்ல பெயின்றைப் பூசினாலும், அசையும்போது ஓரம் வெடிக்கும்.

இங்கே ஒரு வசதி உண்டு. 2015 இல் வாங்கிய பூப்போட்ட ரைல்ஸ் இப்போது கடைகளில் கிடைக்காது என்பதற்காகவே பலர் முழுச் சுவரையும் உடைக்கிறார்கள். பெயின்ற் பூசுவதென்று தீர்மானித்துவிட்டால் நிறமும் பூவும் ஒத்திருக்கத் தேவையில்லை. அளவும் தடிப்பும் ஒத்திருந்தால் போதும். வெடித்த மூன்றையும் கழன்றவற்றையும் மட்டும் எடுத்துவிட்டு, மலிவான வெற்று ரைல்ஸைப் பதித்து, சாந்து நன்றாக உலர்ந்த பின்னர் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பூசுங்கள்.

குளியலறையில், தரைக்கும் நேரே நீர் விழும் சுவருக்கும் பூச வேண்டாம் என்பதே என் முடிவு. எங்கள் பகுதியில் பல கிணறுகளின் நீர் சுண்ணாம்புத்தன்மை கூடியது. அது பெயின்றின் மேலும் படியும். அதை நீக்கத் தேய்க்கத் தேய்க்கப் பெயின்றும் தேயும். அந்த வெள்ளைப் படிவுக்கு வினாகிரியைத் துணியில் நனைத்து அரை மணித்தியாலம் ஒட்டி வைத்துத் துடைத்துப் பாருங்கள். புளிப்பு, ரைல்ஸுக்கு இடையிலுள்ள சீமெந்தை அரிக்கும் என்பதால் உடனே நன்றாகக் கழுவிவிடுங்கள். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளை வினாகிரியுடனோ, மலசலகூடம் கழுவும் அமிலத்துடனோ எக்காரணம் கொண்டும் கலக்க வேண்டாம். நச்சு வாயு எழும். மூடிய குளியலறைக்குள் அது உயிராபத்து.

மாங்குளம் ஆசிரியை எழுதியது:

நான் இரண்டு அறைகளுக்கும் பூசியவள் என்பதால் எழுதுகிறேன். சமையலறையில் மேற்சொன்ன முறைப்படியே செய்தோம். மூன்று ஆண்டுகளாகியும் நன்றாக இருக்கிறது. கம்பித்தும்பால் தேய்ப்பதில்லை, மென்மையான துணியால் மட்டுமே துடைக்கிறோம். யன்னலோரத்தில் வெயில் படும் பகுதி மட்டும் சற்று மஞ்சளாகியுள்ளது. எபொக்சிக்கு அந்த இயல்பு உண்டு என்று பின்னர்தான் அறிந்தேன். தூய வெள்ளைக்குப் பதிலாகச் சந்தன நிறத்தைத் தெரிந்தெடுத்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

குளியலறையில் அவசரப்பட்டு, மீதமிருந்த சாதாரண சுவர்ப் பெயின்றைப் பூசினோம். அந்த மாரி முடிவதற்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரலால் உரிக்கக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது. உரித்த இடத்தையும் உரியாத இடத்தையும் சுரண்டிச் சமப்படுத்துவதற்கு நான்கு நாட்கள் சென்றன. வெறும் ரைல்ஸாக இருந்தபோது அந்த வேலையே இருக்கவில்லை.

தருமபுரம் வீட்டுக்காரி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் மேடையின் ஒரு மூலையில் விறகு அடுப்பும் இருக்கிறது. அதன் பின்சுவருக்கும் பூசலாமா?

வவுனியா பெயின்ரர் எழுதியது:

வேண்டாம், அக்கா. விறகுச் சூட்டில் எபொக்சி இளகி நிறம் மாறும். அடுப்புக்குப் பின்னாலும் இரு பக்கங்களிலும் உள்ள ரைல்ஸை அப்படியே விட்டுவிட்டு, எல்லையில் மறைப்பு நாடாவை ஒட்டி நேர்க்கோடாக நிறுத்துங்கள். எரிவாயு அடுப்பையும் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். முழுச் சுவரையும் தொடங்குவதற்கு முன்னர், மூலையிலுள்ள ஒரு ரைல்ஸில் மட்டும் பூசி, ஒரு வாரம் விட்டு, பிளேட்டால் சதுரம் சதுரமாகக் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி இழுத்துப் பாருங்கள். நாடாவுடன் பெயின்ற் உரிந்து வந்தால், தேய்த்தது போதவில்லை.

தருமபுரம் வீட்டுக்காரி எழுதியது:

அப்படியே செய்கிறேன். குளியலறைக்கு வினாகிரி மட்டும். வரும் சனிக்கிழமை தம்பியுடன் சேர்ந்து சமையலறையில் நாணயத்தால் தட்டி, கழன்றவற்றுக்குச் சோக்கால் அடையாளமிடப் போகிறோம். மூன்றை விட மிகக் கூடுதலாக இருந்தால், பெயின்ற் வாங்குவதற்கு முன்னர் எண்ணிக்கையை இங்கே எழுதுவேன்.