எலுமிச்சைப்புல்லுக்கு ஊடுபயிர்: உளுந்தா, துவரையா?

கேள்வி – செம்மண்காடு

வணக்கம். தருமபுரிப் பக்கம் ஒரு ஏக்கர் செம்மண் காட்டில், இந்த ஆடிப்பட்டத்தில் எண்ணெய்க்காக எலுமிச்சைப்புல் நடவிருக்கிறேன். கிணற்றில் உயிர்த்தண்ணீருக்கு மட்டுமே நீர் உண்டு. 60 செ.மீ.க்கு 60 செ.மீ. இடைவெளி என்றால் ஏக்கருக்குச் சுமார் 11,000 தூர்கள் வேண்டும். முதல் அறுப்புக்கு மூன்று மாதம் ஆகும் என்பதால், அதுவரை வரிசைகளுக்கு நடுவே களை மண்ட விடாமல் ஒரு பயறு விதைக்க எண்ணுகிறேன். உளுந்து ஏற்றதா, துவரை ஏற்றதா? பயறு தழைச்சத்தைச் சேர்க்கும் என்பதால் புல்லுக்கு யூரியாவைக் குறைத்துவிடலாமா?

பதில் – மானாவாரி விவசாயி

உளுந்தே போடுங்கள். நட்ட தூர் வேர்பிடித்துக் கிளைக்கும் முதல் இரண்டு மாதங்களில்தான் நடுவே நிலம் சும்மா கிடக்கிறது. வம்பன் 8 போன்ற இரகம் ஏறத்தாழ 70 நாளில் முடிந்துவிடுவதால், புல் முதல் அறுப்புக்கு வருமுன் இடத்தைக் காலிசெய்துவிடும். அந்த இரகம் மஞ்சள் தேமல் நோயைத் தாங்குவதும் ஒரு வசதி. இரு புல் வரிசைகளுக்கு நடுவே ஒரே வரிசை, செடிக்குச் செடி 10 செ.மீ. போதும். தனிப்பயிருக்கு ஏக்கருக்கு 8 கிலோ விதை என்றால் இதற்குப் பாதிதான் ஆகும். வேர்முடிச்சில் வாழ்ந்து காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிரான ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும்.

யூரியா விஷயத்தில் அவசரப்படாதீர்கள். வேர்முடிச்சு பிடிக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதியை உளுந்தே எடுத்துக்கொள்கிறது. வேரும் சருகும் மக்கிய பிறகே புல்லுக்குப் பங்கு கிடைக்கும். அடுத்தடுத்து அறுக்கும் பயிருக்கு அது போதாது. ஆனால் உளுந்து நிற்கும்போது யூரியாவை வரிசை நடுவே வாரி இறைத்தால் முடிச்சு கட்டுவது குறையும். புல்லின் தூரையொட்டி வையுங்கள். அறுவடையில் செடியைப் பிடுங்கினால் பக்கத்திலுள்ள இளந்தூரும் அசையும். ஆகவே தரையையொட்டி அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.

பதில் – துவரைக்காரர்

முன்னவர் சொன்னது எலுமிச்சைப்புல்லுக்குச் சரி. இருந்தாலும் மழை ஏய்த்துவிடும் ஆண்டில் துவரையை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அதன் ஆணிவேர் ஆழத்து ஈரத்தை எடுக்கும். புல்லின் சல்லிவேர் மேல்மண்ணில்தான் நிற்கும். சிக்கல் நிழலில் இருக்கிறது. ஆறு மாதம் நிற்கும் செடியை ஒவ்வோர் இடைவெளியிலும் விதைத்தால் புல் மெலிந்து, தழை எடை குறையும். நான்கு புல் வரிசைக்கு ஒரு துவரை வரிசை, அதாவது எட்டு அடிக்கு ஒன்று என்ற அளவே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. எலுமிச்சைப்புல்லுக்குப் பதிலாக, வறட்சியை நன்கு தாங்கும் பாமரோசா என்ற வாசனைப்புல்லைத் தாங்கள் நட்டாலும் இதைவிட நெருக்க வேண்டாம். அதன் எண்ணெய் பெரிதும் பூங்கதிரில் இருப்பதால், கதிர் வெயிலில் நிற்க வேண்டும்.

பதில் – வடிகலன்

எண்ணெய் வடிக்கும் பக்கத்திலிருந்து ஒரு சொல். ஒரு டன் பச்சைப்புல்லில் மூன்று நான்கு கிலோ எண்ணெய் வந்தாலே நல்ல விளைச்சல். அந்தச் சிறிய அளவுக்குள்தான் தரமும் பார்க்கப்படுகிறது. வாங்குவோர் முதலில் கேட்பது, எண்ணெய்க்கு எலுமிச்சை வாசம் தரும் பொருளான சிட்ராலின் விழுக்காடு. 75க்குக் கீழே இறங்கினால் விலையும் இறங்கும். உளுந்துத் தட்டையோ களையோ புல்கட்டோடு கலனுக்குள் போனால், இடம் அடைப்பதோடு எண்ணெயின் வாசத்தையும் கெடுக்கும். எனவே உளுந்தை முழுமையாக அகற்றிய பிறகே புல்லில் அரிவாள் வையுங்கள். தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டு அறுத்து, ஒரு நாள் நிழலில் வாட விட்டால் ஈரம் குறைந்து, ஒரே கலனில் கூடுதல் புல் கொள்ளும், விறகும் மிச்சமாகும்.

செம்மண்காடு

உளுந்து என்று முடிவுசெய்துவிட்டேன். இரண்டாம் ஆண்டிலும் இதே இடைவெளியில் விதைக்க முடியுமா?

மானாவாரி விவசாயி

முடியாது. அதற்குள் தூர் பருத்து வரிசை மூடிக்கொள்ளும். அறுத்த கையோடு விதைத்தாலும் புல் முந்திக்கொள்ளும். இரண்டாம் ஆண்டிலும் பயறு வேண்டுமென்றால் நடவின்போதே இரண்டிரண்டு வரிசைகளை 45 செ.மீ.க்கு நெருக்கி, ஒவ்வோர் இரட்டை வரிசைக்கும் அடுத்து 90 செ.மீ. இடம் விட்டுவிடுங்கள்.