தெர்மோகோல் விமானத்துக்கு எத்தனை எஞ்சின்?

குழு: வேலூர் வீட்டார்

சின்னவன் (மாலை 6.10): அனைவருக்கும் வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, நிலத்திலும் நீரிலும் இறங்கவல்ல சோவியத் விமானமான வி.வி.ஏ-14ஐத் தெர்மோகோலில் செய்துகொண்டிருக்கிறேன். மாஸ்கோ அருகே மோனினோ அருங்காட்சியகத்தில் சிதைந்து கிடக்கும் அதன் உடலைப் படத்தில் பார்த்தே அளவெடுத்தேன். எத்தனை எஞ்சின் வைப்பது என்பதுதான் குழப்பமாக இருக்கிறது.

ராணிப்பேட்டை மாமா (6.14): பெயரிலேயே விடை இருக்கிறதே, மாப்பிள்ளை. முன்னே தள்ள 2, நேராக மேலே தூக்க 12, ஆக 14.

பெரியப்பா (6.31): வரைபடத்தில் அப்படித்தான், விமானத்தில் அப்படியில்லை. இத்தாலியிலிருந்து 1923இல் சோவியத் நாட்டுக்குப் போன ராபர்ட் பார்டினி, போலாரிஸ் ஏவுகணைகளைச் சுமந்த அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காக, ஓடுபாதையே வேண்டாமல் கடலிலிருந்து செங்குத்தாக எழும்பும் விமானத்தை வடிவமைத்தார். ஆனால் அந்த 12 தூக்கு எஞ்சின்கள் கடைசிவரை வந்து சேரவில்லை. அதனால் 1972 செப்டம்பர் 4 அன்று, மற்ற விமானங்களைப்போல ஓடுபாதையில் ஓடித்தான் அது முதன்முதலாகப் பறந்தது. பட்டறையில் முப்பது ஆண்டு நின்றவன் சொல்கிறேன்: உதிரிப்பாகம் வராமல் நின்ற இயந்திரத்தைப் பழுதானது என்று பதிவேட்டில் எழுதமாட்டோம்.

காட்பாடி அத்தை (6.35): அது தண்ணீரிலாவது இறங்கியதா, அண்ணா? இல்லை, நம் பாலாற்றைப்போல் பெயரில் மட்டும்தான் தண்ணீரா?

சின்னவன் (6.38): இறங்கியது, அத்தை. முதலில் 14 மீட்டர் நீளமுள்ள, காற்றடைத்த மிதவைகளைப் பொருத்தினார்கள். அவை தொல்லை கொடுத்ததால் கெட்டியான மிதவைகளுக்கு மாறினார்கள். பிறகு மூக்கருகே மேலும் 2 எஞ்சின்களை வைத்து இறக்கைக்கடியில் காற்றைச் செலுத்தியும் பார்த்தார்கள். அப்படியானால் 4 என்பதும் சரியான விடைதானோ?

மாமா (6.40): எத்தனையானால் என்ன? தோற்றுப்போன விமானம்தானே.

பெரியப்பா (6.52): கேட்ட வேலையை அது செய்யவில்லை என்பதை நான் மறுக்கவில்லை, ஒருமுறைகூட நேராக எழும்பவில்லை. ஆனாலும் 107 முறை, மொத்தம் 103 மணி நேரம் பறந்திருக்கிறது. 1974இல் பார்டினி இறந்தபின் திட்டம் நலிந்தது; எஞ்சின் கேட்டுச் சண்டை பிடிக்க வேறு ஆள் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. சின்னவனே, முதன்முதலாகப் பறந்த நிலையையே செய். இரண்டு எஞ்சினை ஒட்டு. மற்ற 12 இடங்களையும் வெறும் துளைகளாக விட்டுவிடு.

அத்தை (6.54): துளை போட்டால் தண்ணீர் ஏறி மூழ்கிவிடாதா?

சின்னவன் (6.55): தெர்மோகோல்தானே அத்தை, மிதக்கும். நாளைக் காலை மாடித் தொட்டியில் விட்டுக் காணொளி அனுப்புகிறேன்.